பட்டப்பகலில் வானம் பார்த்த எக்ஸ்ரே அண்ணன்

பட்டப்பகலில், அடைமழையில், முன்னால் நிற்கிறவனின் மூக்குக்கூடத் தெரியாத மூடுபனியில் நின்றுகொண்டு வானத்தை ஆராய்ச்சி செய்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் எக்ஸ்ரே அண்ணன். இதை எந்தச் சபையிலும் அடித்துச் சொல்லலாம். எனக்குச் சபையில் பேசக் கூச்சம் என்பதால் இங்கே எழுதிச் சொல்கிறேன்.

மற்றவர்கள் நட்சத்திரம் பார்க்க இரவு வரட்டும் என்று காத்திருப்பார்கள். அண்ணனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. காலை பத்து மணிக்குத் தேத்தண்ணீர்க் கோப்பையோடு ஸ்டோருக்கு வெளியே வருவார். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். ஒரு கை கோப்பையில், ஒரு கை இடுப்பில், முகம் மேலே. மேலே என்ன இருக்கும்? இலங்கை மலைநாட்டில் எங்கள் ராகலைப் பக்கத்துப் பனி இருக்கும். கம்பளியை விரித்துக் கட்டினது மாதிரி இருக்கும்.

"என்னண்ணே தெரியுது?"

"ஒண்ணுந் தெரியல."

"அப்பறம் என்னத்தப் பாக்குறீங்க?"

"கண்ணுக்குத் தெரியிறத எல்லாரும்தான்டா பாக்குறாங்க. அதுக்கு நான் எதுக்கு?"

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் பேர் கூப்பிடும்போது அவருக்கு வேறு ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரைக் கேட்டு அவரே இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் "வந்தேங்க" என்பார். மற்றப்படி பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் எக்ஸ்ரேதான்.

அவருக்கு வேலை டிரையர் அடுப்பில். பச்சைக் கொழுந்தை வாட்டி, அரைத்து, புளிக்க வைத்த பிறகு சூட்டுக் காற்றில் உலர்த்தும் இயந்திரம் டிரையர். அதற்கு விறகு போட்டுச் சூட்டைக் காப்பாற்றுவது அண்ணன். காய்ந்த கட்டையைப் போட்டால் அடுப்பு குபீரென்று பிடிக்கும். சுவரில் இருக்கிற சூட்டுமானியின் முள் துள்ளும். கட்டை எரிந்து தீர்ந்தால் முள் இறங்கும். பதினெட்டு வருடமாக அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர். அந்த முள்தான் அவரை வானத்துக்குக் கொண்டுபோனது என்று நினைக்கிறேன்.

ஆனால் வழி காட்டியது கருவாடு.

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள் அண்ணன் கடைவீதியில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் கருவாடு வாங்கினார். நானா பழைய பத்திரிகைத் தாளைக் கிழித்துக் கட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்த அண்ணன் கருவாட்டை மறந்தார். அன்றைக்கு அந்த வீட்டில் பூனைக்கு விருந்து.

தாளில் இருந்தது இதுதான். நம் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த ஒரு கூட்டம் இருக்கிறதாம். அதன் நட்டநடுவிலிருந்து எக்ஸ்ரே கதிர் வருகிறதாம். பூமிக்கு மேலே சுற்றுகிற ஒரு தொலைநோக்கி அதைக் கவனித்துக்கொண்டே இருந்ததாம். ஒருநாள் அந்தக் கதிர் சில மணி நேரத்துக்குள் பல மடங்கு பெருகி, பிறகு தானாகவே அடங்கிவிட்டதாம். நடுவில் இருக்கிற ஏதோ ஒன்று, பக்கத்தில் வருகிறதையெல்லாம் இழுத்து விழுங்குகிறதாம். அப்படி விழுங்கும்போதுதான் இந்தச் சீற்றம் என்று விஞ்ஞானிகள் நினைக்கிறார்களாம். கடைசி வரி இப்படி இருந்தது: "இந்தத் திடீர்ச் சீற்றம் மீண்டும்"

அவ்வளவுதான். அதற்குக் கீழே நானாவின் கை கிழித்துவிட்டது.

மீண்டும் என்ன? மீண்டும் வந்ததா? மீண்டும் வராதா? அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கருவாட்டு வாசனை போகாத தாளோடு மறுநாள் கடைக்குப் போய் நின்றார்.

"நானா, இதோட மத்தப் பாதி எங்க?"

"எதுர மத்தப் பாதி? கருவாடு கொறஞ்சா?"

"கருவாடு கெடக்கட்டும். கடதாசி, கடதாசி!"

நானா தாடியைத் தடவி யோசித்தார். "அதுல மொளகாத்தூள் கட்டினேன். ஆருக்குக் கட்டினேன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

அண்ணன் அல்லாவிடம் விட்டுவிடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் குடியிருந்த மூன்று லய வரிசைகளிலும் காம்பரா காம்பராவாக, ஒரு வீடு விடாமல், ஏறி இறங்கினார். "அக்கா, இந்த வாரம் நானா கடையில மொளகாத்தூள் வாங்குனீங்களா? கட்டுன கடதாசி இருக்கா?" ஏதோ விஷம் கலந்த மிளகாய்த்தூள் வந்துவிட்டது என்று செய்தி பரவி, சாயங்காலத்துக்குள் பாதித் தோட்டம் மிளகாய்த்தூளைச் சாக்கடைக் கானில் கொட்டிவிட்டது. ஒரு வாரம் எல்லார் வீட்டிலும் வெள்ளைக் கறி. நானா அண்ணனைக் கண்டால் கடைப் பலகையைச் சாத்துவார்.

மற்றப் பாதி கிடைக்கவில்லை. ஆனால் கிடைத்த பாதியை அண்ணன் எங்களுக்கு ஒரு நூறு தடவையாவது படித்துக் காட்டியிருப்பார். படிக்கிற முறையும் மாறாது. இடது கையில் தாள், அதன் நடுவில் ஒரே இடத்தில் கட்டைவிரல், வலது கை சூட்டுமானியை நோக்கி. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். யாராவது படித்துக் காட்டினால் எனக்குச் சந்தோஷம். நான் வேலை செய்தது பக்கத்தில் தூள் சலிக்கிற அறையில். தேத்தண்ணீர் நேரத்தில் அடுப்பருகே குளிர்காயப் போவேன். பேச மாட்டேன், கேட்பேன். அண்ணனுக்கு அப்படிப்பட்ட ஆள்தான் தேவைப்பட்டது.

"பாரு தம்பி. கட்டை போட்டா முள்ளு ஏறுது. எரிஞ்சு முடிஞ்சா எறங்குது. அங்கயும் அதேதான். சரி. இங்க கட்டை போடுறது நானு. அங்க யாரு?"

எனக்குப் பதில் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கிறபோது அவர் முகம் அடுப்பு வெளிச்சத்தில் அப்படி ஒரு பொலிவாக இருக்கும்.

ஒருநாள் இலை கொண்டுவந்த ஆள் ஒருவர் குறுக்கே கேட்டார். "அந்தத் தூரக் கண்ணாடிய எதுக்கு அவ்வளவு ஒசரத்துல கொண்டுபோயி வச்சிருக்காங்க?"

அண்ணன் சற்றுத் தயங்கினார். பிறகு சொன்னார். "கிட்டப் போனா நல்லாத் தெரியும்ல. நம்ம மட்டும் என்ன, கொழும்புக்காரன விட ஆறாயிரம் அடி கிட்டத்துலதான இருக்கோம்."

அன்றையிலிருந்து எங்கள் ஆட்களுக்கு மலையில் இருப்பதில் ஒரு தனிப் பெருமை.

அந்தத் தாளில் இன்னொரு விஷயமும் இருந்தது. சீற்றம் சில மணி நேரத்தில் ஏறி இறங்கியதால், அது வரும் இடம் மிகச் சிறியதாகத்தான் இருக்க வேண்டுமாம். அது எப்படி என்று யாருக்கும் புரியவில்லை. புரியவைக்கிறேன் என்று அண்ணன் புறப்பட்டார். அது எங்கள் தோட்டத்துச் சரித்திரத்தில் ஒரு கறுப்பு நாள்.

எங்கள் ஸ்டோரில் ஒரு சங்கு உண்டு. அது ஊதினால் மலையில் கொழுந்து பறிக்கிற பெண்கள் கூடையோடு இறங்கி நிறுவைக்கு வர வேண்டும். அண்ணன் நாலைந்து பேரிடம் முதல்நாளே சொல்லி வைத்திருந்தார். "காலையில ஒம்பது மணிக்குச் சங்கு ஊதுவேன். நீங்க கையத் தூக்கிக் காட்டுங்க, போதும்." சொன்னது நாலைந்து பேரிடம். மலையில் இருந்தது இருநூறு பேர்.

ஒன்பது மணிக்குச் சங்கு ஊதியது. முதலில் ஸ்டோருக்குப் பக்கத்து மலை அசைந்தது. பிறகு நடுமலை. பிறகு தூரத்து மேல்மலை. இருநூறு பெண்களும் அரைக் கூடை, கால் கூடைக் கொழுந்தோடு கொத்துக் கொத்தாக இறங்கி வந்தார்கள். கங்காணிகள் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். கடைசியில் கண்டாக்கு ஐயா மோட்டார் சைக்கிளில் வந்து குதித்தார். தோட்டத்து வெளிவேலை முழுவதும் அவர் கையில்தான்.

"எவன்டா சங்க ஊதுனவன்?"

அண்ணன் ஓடிப்போய் முன்னால் நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களாங்க ஐயா! கிட்ட உள்ளவங்க மொதல்ல திரும்புனாங்க, மேல்மல கடைசியாத்தான் திரும்புச்சு. ஏன்? எடம் பெருசு. சேதி போயிச் சேர நேரம் ஆகுது. எல்லாரும் ஒரே நொடியில திரும்பணும்னா எடம் சின்னதா இருக்கணும். அங்க வானத்துல சட்டுனு எரிஞ்சு சட்டுனு அடங்கிருச்சு. அப்ப அந்த எடம் எவ்வளவு சின்னதுன்னு பாருங்க!"

கண்டாக்கு ஐயா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீ எவ்வளவு சின்னவன்னு தொர சொல்லுவாரு. வா பங்களாவுக்கு."

தோட்டத்தை நடத்துகிற துரை என்ன சொன்னார் என்று அண்ணன் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று நாள் வேலை இல்லை. ஆனால் திரும்பி வந்ததும் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "தம்பி, ஒனக்குப் புரிஞ்சிச்சா?"

"புரிஞ்சிச்சுண்ணே."

"அது போதும்."

உண்மையாகவே புரிந்திருந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன். வர மனமில்லை, ஆனால் அது இல்லாமல் அண்ணன் கதை முடியாது.

தூள் சலிக்கிற அறையில் எல்லாரும் இருமுவார்கள். நான் கொஞ்சம் கூடுதலாக இருமினேன். பிறகு இன்னும் கொஞ்சம். இருமல் வந்தால், சல்லடை இயந்திரம் பெரிதாகச் சத்தம் போடுகிற நேரம் பார்த்து அதோடு சேர்ந்து இருமுவேன். இரவில் வேர்த்தது. சட்டை தொளதொளத்தது. அப்போதுதான் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிலோமினா என்ற பெண்ணை எனக்குப் பேசியிருந்தார்கள். அவளுடைய அப்பா அங்கே சின்னக் கோயிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியார். ஒரே ஒருதடவை பார்த்தேன். அவள் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். நான் கோப்பையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டும், தெரியவில்லை. ஆனாலும் வேறு யாரையும் கட்டுவதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

சயரோகம் என்று வெளியே தெரிந்தால் அந்தப் பேச்சு அன்றோடு சரி. தெரியாமலே கிடந்தால் நானே சரி. இரண்டுக்கும் நடுவில் நான் ஒன்றுமே செய்யாமல் இருமிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் முன்பின் தெரியாதவர்கள் முன்னால் சட்டையைக் கழற்ற வேண்டும் என்பதை நினைத்தாலே எனக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

ஒருநாள் அடுப்படியில் அண்ணன் ரகசியமாகச் சொன்னார். "தம்பி, எனக்கு ஒரு ஒதவி செய்யணும்."

"சொல்லுங்கண்ணே."

"அந்தச் சீத்தம் மறுபடி வந்தா நம்மளே புடிக்கணும். அதுக்கு எக்ஸ்ரே பிலிம் வேணும். நுவரெலியா ஆஸ்பத்திரியில இருக்கு. ஆனா நோயாளி இல்லாம அந்த ரூமுக்குள்ள விடமாட்டாங்க. நீ சும்மா ஒரு தடவ வந்து நெஞ்சக் காட்டி நில்லு. பேச்சு பூரா நான் பாத்துக்கறேன்."

எனக்காகப் போ என்றிருந்தால் போயிருக்க மாட்டேன். ஒருவர் உதவி கேட்டால் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. போனேன்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் சிங்களத்தில் கேட்டார். "மொக்கத அமாருவ?" என்ன வருத்தம் என்று அர்த்தம்.

அண்ணன் நிமிர்ந்து நின்று, "மட்ட நெமெய் மஹத்தயா, மே மல்லிட்ட" என்றார். எனக்கில்லை ஐயா, இந்தத் தம்பிக்கு. சொல்லிவிட்டு என் இருமல், வேர்வை, இளைப்பு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பாதிச் சிங்களத்திலும் பாதிக் கை அசைவிலும் நடித்துக் காட்டினார். சும்மா வந்த நோயாளிக்கு இவ்வளவு விவரம் எதற்கு என்று நான் யோசித்தேன். வேஷம் பொருத்தமாக இருக்கட்டும் என்று செய்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

எக்ஸ்ரே அறையில் ஒரு சிங்கள மஹத்தயா இருந்தார். தமிழ் நன்றாகப் பேசுவார். சட்டையைக் கழற்றி, ஜில்லென்ற பலகையில் நெஞ்சை ஒட்டி நின்றேன்.

"மூச்சு நல்லா இழுங்க. இழுத்தீங்களா? புடிச்சுக்கங்க. அசையக் கூடாது."

பிடித்துக்கொண்டேன். படம் எடுத்த சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்துக் கதவை லேசாகத் திறந்து அண்ணன் தலையை நீட்டினார்.

"மஹத்தயா, ஒரு கேள்விங்க. வானத்துல இருந்து எக்ஸ்ரே வருதாமே, ஒங்களுக்குத் தெரியுங்களா?"

"எங்கயிருந்து?"

"நச்சத்திரக் கூட்டத்தோட நடுவுல இருந்துங்க. சீறிச் சீறி வருதாம்."

மஹத்தயாவுக்கு அந்த அறையில் இத்தனை வருடத்தில் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை போலிருக்கிறது. நாற்காலியைத் திருப்பிப் போட்டார். அண்ணன் தாளை எடுத்தார். கட்டைவிரலை வைத்தார். முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். விழுங்குகிற இடம் வந்தபோது எனக்குக் கண் இருட்டியது. "மீண்டும்" என்று அண்ணன் நிறுத்தியபோது மஹத்தயா தற்செயலாக என் பக்கம் திரும்பினார்.

"ஐயோ! இன்னும் புடிச்சிட்டா இருக்கீங்க? விடுங்க, விடுங்க!"

விடச் சொல்லவில்லையே, நான் எப்படி விடுவேன்?

அந்த மனிதர் சிரித்துச் சிரித்து, பாவம் பார்த்து, காலம் கடந்த பிலிம் ஒன்றை உறையோடு அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் அதைத் துணிக்குள் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். என் பிலிம் டாக்டர் அம்மாவிடம் போனது. அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வலது பக்கம் மேலே ஒரு வெள்ளைத் திட்டைக் காட்டினார். சளியையும் சோதித்தார்கள். சயரோகம்தான். நல்லவேளை ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள், ஒன்றரை வருடம் ஒருநாள் தவறாமல் மருந்து எடுக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுக்க வேண்டும் என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அண்ணன் என் பிலிமை வாங்கி மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"தம்பி, இது சீத்தம். ஏறுனது எறங்கும். நம்ம கவனிச்சுக்கிட்டே இருக்கணும். அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அண்ணன் ஏற்பாடு. தூள் அறை ஆகாது என்று என்னை வெளியே, காற்றோட்டமான விறகு முற்றத்துக்கு மாற்றச் சொல்லி ஸ்டோருக்குப் பொறுப்பான டீ மேக்கர் ஐயாவிடம் மன்றாடினார். "ஆராய்ச்சிக்குக் கூட ஒரு ஆள் வேணுங்க" என்றார். பைத்தியத்தோடு பேச்சு எதற்கு என்று ஐயாவும் விட்டுவிட்டார். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா தினமும் காலையில் அடுப்பில் குளிர்காய வருகிறவர் போல வருவார். கோட்டுப் பைக்குள் எனக்கு ஊசி இருக்கும்.

அண்ணன் தன் பிலிமை விண்வெளிக்குத் தயார் செய்தார். வெளிச்சம் படக்கூடாதே! தேயிலைப் பெட்டிக்குள் மணம் போகாமல் இருக்க விரிக்கிற ஈயத் தாள், பழைய கட்டு ஒன்று ஸ்டோரில் கிடந்தது. அதை இரண்டு சுற்றுச் சுற்றி, பெட்டிக்குள் வைத்து ஆணி அடித்து, ஸ்டோர்க் கூரைமேல் ஏற்றிக் கட்டினார். தோட்டமே கூடி நின்று பார்த்தது. ஆறு மாதம் கழித்து, "பிலிம் கழுவப் போறோம்" என்று பெட்டியை இறக்கிக்கொண்டு இருவரும் நுவரெலியாவுக்குப் போனோம். அவர் பிலிமில் ஒன்றும் இல்லை. என் பிலிமில் திட்டு சிறுத்திருந்தது.

"எக்ஸ்ரே அண்ணே, நச்சத்திரம் விழுந்துச்சா?" என்று பஸ் நிறுத்தத்திலேயே கேலி ஆரம்பிக்கும்.

"அடுத்த தடவ மாட்டும்."

அடுப்படிச் சுவரில் அவர் கரியால் ஒரு கோடு போட்டிருந்தார். மேலே தொடங்கி மெல்ல மெல்லக் கீழே இறங்குகிற கோடு. அது வானத்துச் சீற்றம் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஒருதடவை துரையே வந்து நின்று பார்த்தார். டீ மேக்கர் ஐயா அசடு வழிந்தபடி, "நட்சத்திரம் சார்" என்றார். துரை தலையை ஆட்டிவிட்டுப் போனார். அது என் வலது நுரையீரல்.

ஒரு வருடம் ஆனபோது மறுபடி போனோம். அந்தத் தடவைதான் மஹத்தயா கேட்டார். "எதுலதான் சுத்தி வைக்கிறீங்க? கொண்டாங்க பாப்போம்."

அண்ணன் பெட்டியைத் திறந்து பெருமையாக ஈயத் தாளைக் காட்டினார். மஹத்தயா அதைப் பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய ஒரு கனத்த அங்கியை எடுத்து அண்ணன் கையில் போட்டார். கை தாழ்ந்தது.

"இது என்ன தெரியுமா? ஈயம். எக்ஸ்ரே என் மேல படக் கூடாதுன்னு நான் போடுறது. நீங்க எக்ஸ்ரே புடிக்க ஈயத்துலயே சுத்தி வச்சிருக்கீங்க!"

தேயிலைக்காரனைத் தவிர வேறு யாருக்கும் வராத பிழை. எங்களுக்கு எதைப் பத்திரப்படுத்தினாலும் ஈயத் தாள்தான். மஹத்தயா நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணனும் சிரித்தார். சிரித்து முடித்ததும், "சரிங்க, அப்ப அடுத்த ஆறு மாசம் கறுப்புத் துணியில சுத்திப் பாப்போம். இன்னொரு பிலிம் குடுங்க" என்றார்.

இந்தக் கதையை அவரே ஊரெல்லாம் சொன்னார். நானாகூடக் கடைப் பலகையைத் திறந்து வைத்து, "ஓய், நச்சத்திரத்துக்கு ஈயப் பெட்டியா செஞ்சீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். தோட்டம் முழுவதும் அவரைப் பார்த்துச் சிரித்ததில், அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த என்னை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

ஒன்றரை வருடம் முடிந்து எடுத்த படத்தில் திட்டு இல்லை. ஒரு சின்னக் கீறல் தழும்பு மட்டும். அந்தத் தடவை அண்ணன் பிலிம் கேட்கவில்லை. மறந்துவிட்டார் போல என்று நினைத்தேன்.

கல்யாணத்தை அதுவரை இரண்டு தடவை தள்ளிப் போட்டிருந்தோம். "பையன் ஒரு ஆராய்ச்சியில இருக்கான்" என்று அண்ணன்தான் சொல்லி அனுப்பியிருந்தார். இப்போது அவரே சொன்னார். "தம்பி, போயிச் சொல்லிப்புடணும். மறச்சுக் கட்டக்கூடாது."

"என்னால முடியாதுண்ணே. அவங்க வேணாம்னு சொல்லிட்டா?"

"சொன்னா கேட்டுக்குவோம். நீ பேச வேணாம். மூச்சப் புடிச்சுக்கிட்டு நில்லு. அது ஒனக்கு நல்லா வரும்."

அக்கரப்பத்தனைக்கு அண்ணன் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். உபதேசியார் வீட்டு ஜன்னலுக்கு எதிரே என் நாலு பிலிமையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்தார். "இது பத்துனப்ப எடுத்ததுங்க. இது எறங்குனப்ப. இது இன்னும் எறங்குனப்ப. இது அடங்குனப்ப." நடந்தது முழுவதையும் சொன்னார். உபதேசியார் பிலிமையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு என் எலும்பெல்லாம் அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிகிறதே என்று வெட்கம். உண்மையில் தெரிந்தது.

உபதேசியார் கடைசிப் பிலிமைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார். "எல்லாம் சரிங்க. மறுபடி வருமா?"

அண்ணனின் கை தானாகச் சட்டைப் பையில் இருந்த கருவாட்டுத் தாளைத் தொட்டது. பிறகு சொன்னார். "அந்த மத்தப் பாதி எங்கிட்ட இல்லீங்க ஐயா. வராதுன்னு டாக்டர் அம்மா சொல்றாங்க. மருந்து ஒருநா தவறல, அதுக்கு நான் சாட்சி. அதுக்கு மேல சொன்னா பொய்யாயிரும்."

 நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

குசினிக்குள்ளிருந்து பிலோமினாவின் குரல் கேட்டது. "வந்தா அப்பப் பாத்துக்கலாம்பா. மருந்து எங்க கெடைக்கும்னுதான் தெரிஞ்சுபோச்சே."

அப்போதும் என்னை யாரும் விடச் சொல்லவில்லை. நானாகவே விட்டேன்.

எண்பதுகளின் நடுவில் அண்ணன் வேலையை விட்டு, நாட்டிலேயே உயரமான ரயில் நிலையம் உள்ள பட்டிப்பொலையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனார். மருமகனுக்கு அங்கே ரயில் பாதையில் வேலை. "இங்கருந்து இன்னும் கொஞ்சம் கிட்ட" என்று சொல்லிக்கொண்டுதான் பெட்டி கட்டினார். போகும்போது அந்தத் தாளை என்னிடம் கொடுத்தார். "எனக்கு மனப்பாடம். நீ வச்சுக்க" என்றார்.

எழுத்துக் கூட்டிப் படிக்க அப்போது எனக்கு நேரமெடுக்கும். பிலோமினா வாங்கிக் கடகடவென்று படித்தாள். நடுவில் நிறுத்தினாள்.

"இந்த வரி நீங்க சொன்னதே இல்லையே?"

"எந்த வரி?"

அண்ணனின் கட்டைவிரல் பட்டுப் பட்டுக் கறுத்துப்போன இடத்தில், கருவாட்டு எண்ணெய்க்குக் கீழே அது இருந்தது. எக்ஸ்ரே கதிர்களைக் காற்று முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது. பூமியில் எந்த மலை உச்சியில் நின்றாலும் அவற்றைக் காண முடியாது. அதனால்தான் தொலைநோக்கியைக் காற்றுக்கு அப்பால் அனுப்பியிருக்கிறார்கள்.

முதல்நாளிலிருந்தே அவருக்குத் தெரியும். கூரைமேல் ஏற்றிய பிலிமில் எதுவும் விழாது. ஈயத்தில் சுற்றினாலும் விழாது, பட்டுத் துணியில் சுற்றினாலும் விழாது. அந்த வரியை முதலில் எதற்காக மறைத்தார் என்று எனக்குத் தெரியாது. மலையில் இருக்கிற எங்கள் பெருமையைக் கெடுக்க வேண்டாம் என்று இருக்கலாம். பிறகு எதற்காக மறைத்தார் என்று தெரியும்.

கேட்டுவிட வேண்டும் என்று பட்டிப்பொலைக்கு ரயிலேறிப் போனேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கோப்பையோடு, பனிக்குள் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார். கேட்கக் கூச்சமாக இருந்தது. அவர்தான் கேட்டார்.

"மறுபடி வந்துச்சா?"

"இல்லண்ணே."

"அங்க வந்திருச்சு. வேற ஒரு தொலைநோக்கி பாத்துச்சாம். ரேடியோவுல சொன்னான்." முகமெல்லாம் சிரிப்பு. "அங்க வந்திருச்சு, இங்க வரல. ரெண்டும் நல்ல சேதிதான்."

நானும் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நன்றாக இருந்தது.

அந்தத் தாள் இன்னும் எங்கள் வீட்டில், ஈயத் தாளில் சுற்றி, பத்திரமாக இருக்கிறது. பிள்ளைகள் கேட்டால் எடுத்துப் படித்துக் காட்டுவேன். அந்த வரி வருகிற இடத்தில் மட்டும் கட்டைவிரலை வைத்துக்கொள்வேன்.